அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்

அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்பது மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்காக ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து வெளிவந்த ஓர் இரசிகர் இதழ் ஆகும். 1975 சூன் மாதம் லீ கோல்ட் என்பவரால் தொடங்கப்பட்ட இது, அவரையே தொகுப்பாளராகக் கொண்டு 2025 வரை மாத இதழாக வெளிவந்தது. பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கென்றே தனியாகத் தொடங்கப்பட்ட முதல் இதழ்களுள் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் இதன் இரண்டு முதலெழுத்துகளைக் கொண்டு 'ஏ அண்ட் ஈ' எனச் சுருக்கமாக அழைப்பர்.

பொதுவான இதழ்களில் ஆசிரியர் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, திருத்தி, வாசகர்களுக்கு வழங்குகிறார். இவ்விதழில் அவ்வாறான தேர்வு பெரும்பாலும் இல்லை. வாசகர்களே தத்தம் பக்கங்களை எழுதி அனுப்ப, அவை ஒன்றாகக் கட்டப்பட்டு அவர்களுக்கே திரும்பி வந்தன. ஆகையால் இதனை இதழ் என்று அழைப்பதை விட, அஞ்சல் வழியே நடந்த ஒரு நீண்ட உரையாடல் என்று அழைப்பது பொருந்தும்.

பெயர்

எலிசபெத் காலத்து ஆங்கில நாடகங்களில் போர்க் காட்சிகளுக்கான மேடைக் குறிப்பாக இச்சொற்றொடர் பயன்பட்டது. மேடைக்குப் பின்னால் போர் முழக்கம் எழுப்புவதையும், படைவீரர்கள் மேடையின் குறுக்கே ஓடுவதையும் இது குறிக்கும். பிற்கால ஆங்கிலத்தில் 'ஒரே ஆரவாரமும் அமளியும்' என்னும் பொருளில் இது வழங்கலாயிற்று. பலர் ஒரே நேரத்தில் பேசும் இதழுக்கு இப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

பின்னணி

அச்சுக் கழகங்கள்

இவ்விதழின் அமைப்பு, தொழில்முறை சாரா அச்சுக் கழகம் என்னும் பழைய அமைப்பைப் பின்பற்றியது. இத்தகைய கழகத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் சில பக்கங்கள் கொண்ட தமது சிற்றிதழைத் தயாரித்து, தொகுப்பாளர் ஒருவருக்கு அனுப்புவர். தொகுப்பாளர் அவற்றை அடுக்கி, ஒரே கட்டாகத் தைத்து, அனைவருக்கும் அனுப்பி வைப்பார். அமெரிக்காவில் இத்தகைய தேசிய அளவிலான கழகம் 1876 இலேயே தோன்றிவிட்டது. திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் 1914 இல் இத்தகைய கழகம் ஒன்றில் சேர்ந்து பல ஆண்டுகள் ஈடுபாட்டுடன் இயங்கினார். 1937 இல் டொனால்ட் வோல்ஹைம் இம்முறையை அறிபுனை இரசிகர்களிடையே கொண்டு வந்தார்.

லாஸ் ஏஞ்சலஸ் அறிபுனைக் கழகத்தில் 1964 முதல் 'ஆப்பா-எல்' என்னும் வாராந்தரத் தொகுப்பு வெளிவந்து கொண்டிருந்தது. உறுப்பினர்கள் கதைகள், திரைப்படங்கள், சொந்த வாழ்க்கை என எதைப் பற்றியும் அதில் எழுதி வந்தனர்.

விதிகளில் இருந்த இடைவெளி

1974 சனவரியில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகியோர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. முதல் பதிப்பில் 1000 பெட்டிகளே அச்சாயின. மூன்று சிறு நூல்களாக வந்த அவ்விதிகள், போர் விளையாட்டுகளில் முன்பே பழக்கம் உள்ளவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சண்டையை நடத்துவதற்கு 'செயின்மெயில்' என்னும் வேறொரு விதிநூலும் கையில் இருக்க வேண்டும் என்று அவை எதிர்பார்த்தன. யார் முதலில் தாக்குவது, மந்திரவாதி ஒரே மந்திரத்தை ஒரு நாளில் எத்தனை முறை பயன்படுத்தலாம் போன்ற அடிப்படைக் கேள்விகளுக்கே வாசகர்கள் வெவ்வேறு விடைகளைக் கண்டனர்.

இதன் விளைவாக ஒவ்வொரு நகரிலும், ஏன், ஒவ்வொரு வீட்டிலும், நடுவராக இருந்தவர் தமது சொந்த விதிகளை உருவாக்கிக் கொண்டார். தென் கலிபோர்னியாவில் ஆட்டக்காரர்கள் தமது பாத்திரத்தை ஒரு நடுவரின் உலகிலிருந்து மற்றொருவரின் உலகிற்கு எடுத்துச் செல்லும் பழக்கம் இருந்தது. அங்கு பெற்ற மந்திர வாள் இங்கு செல்லுமா என்ற சிக்கல் அடிக்கடி எழுந்தது. கால்டெக் மாணவர்கள் தாம் மாற்றியமைத்த விதிகளை 1975 இல் 'வார்லாக்' என்னும் பெயரில் வெளியிட்டனர். பேசித் தீர்க்க வேண்டியவை நிறைய இருந்தன. அவற்றைப் பேசுவதற்குத் தனி இடம் இல்லை.

தோற்றம்

இவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு ஆப்பா-எல் தொகுப்பை விரைவில் ஆக்கிரமித்தது. விளையாடாத உறுப்பினர்களுக்கு அது சலிப்பூட்டியது. அக்கழகத்தின் மூத்த உறுப்பினரும் அறிபுனை இரசிகர் வட்டத்தில் நன்கு அறியப்பட்டவருமான புரூஸ் பெல்ஸ், இதற்கெனத் தனித் தொகுப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டார். அதனை ஏற்று லீ கோல்ட் 1975 சூன் மாதம் முதல் இதழை வெளியிட்டார். ஆக, ஓர் இடத்தில் தொல்லையாகக் கருதப்பட்ட பேச்சே இவ்விதழின் பிறப்புக்குக் காரணமாயிற்று.

லீ கோல்ட் விளையாட்டு வடிவமைப்பாளராகவும் அறியப்படுபவர். நிப்பானிய மரபைத் தழுவிய 'லேண்ட் ஆஃப் த ரைசிங் சன்' (1980), 'கர்ப்ஸ் ஜப்பான்' (1988) ஆகியவை அவரது படைப்புகளுள் சில. அறிபுனை இரசிகர்கள் இயற்றிப் பாடும் 'ஃபில்க்' பாடல்களுக்கான 'செனோஃபில்கியா' என்னும் இதழையும் அவர் 1988 முதல் நடத்தினார்.

பங்களிக்கும் முறை

தொடக்க காலத்தில் இதழ் சைக்ளோஸ்டைல் முறையில் படியெடுக்கப்பட்டது. பங்களிப்பாளர் தட்டச்சுப் பொறியின் நாடாவை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் நேரடியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி, மை புகும் வழி ஏற்படும். தவறு நேர்ந்தால் அவ்விடத்தில் திருத்தும் திரவத்தைப் பூசி, உலர்ந்த பின் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். விதி அட்டவணை ஒன்றைப் பிழையின்றி ஸ்டென்சிலில் ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலையாகும். அடுத்துவந்த ஆண்டுகளில் ஒளிநகலும், பின்னர் மின்னஞ்சலும் மின்வடிவக் கோப்புகளும் வந்த பிறகு இத்தொல்லை நீங்கியது.

ஒவ்வொரு பங்களிப்பாளரின் பக்கங்களும் தனிச் சிற்றிதழாகவே கருதப்பட்டன. அவற்றுக்குத் தனித் தலைப்பும் உண்டு. லீ கோல்ட் எழுதிய பகுதி 'டாண்டிவி' என்னும் பெயரில் வந்தது. எழுதியவர்களுக்கு ஊதியம் கிடையாது; மாறாக அச்சிடும் செலவில் தம் பக்கங்களுக்கு ஏற்ப ஒரு பங்கை அவர்களே ஏற்றனர். எழுதாமல் படிக்க மட்டும் விரும்பியோர் விலை கொடுத்து வாங்கினர். சில ஆண்டுகளுக்குள்ளேயே இதழ் நூறு பக்கங்களைத் தாண்டத் தொடங்கியது.

ஒரு பங்களிப்பில் வழக்கமாகப் பின்வருவன இடம்பெறும்: எழுதியவர் அம்மாதம் ஆடிய ஆட்டத்தின் கதை; புதிய விதி, உயிரி அல்லது மந்திரப் பொருள்; நூல் அல்லது விளையாட்டு பற்றிய மதிப்புரை; இவற்றுடன் சென்ற இதழில் எழுதிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதும் மறுமொழிகள். இவற்றுள் இறுதியானதே இதழின் உயிர் எனலாம். ஆட்டக் கதைகளைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுவர். தம் பெயர் வந்திருக்கும் மறுமொழியை எவரும் தவறவிடமாட்டார். சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் 'படித்தேன், மகிழ்ந்தேன், கருத்து இல்லை' என்று பொருள்படும் முதலெழுத்துச் சுருக்கம் ஒன்றை இடுவது இரசிகர் இதழ்களின் மரபு. எழுதியவரை வெறுமையாக விடக்கூடாது என்னும் நாகரிகம் அதில் இருந்தது.

கருப்பொருள்

பிற்காலத்தில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு கருப்பொருளை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் இவ்விதழில் நிலைபெற்றது. அதன் பெயரே 'புறக்கணிக்கத்தக்க கருப்பொருள்' என்பதாகும். எழுதுவோர் அதனைத் தொட்டு எழுதலாம், ஒரு பத்தியில் முடித்துக் கொள்ளலாம், முற்றிலும் விட்டுவிடவும் செய்யலாம். கருப்பொருளுக்கு வெளியே உள்ளது என்பதற்காக எந்தப் பங்களிப்பும் திருப்பி அனுப்பப்படவில்லை.

விலைக்கு விற்கும் தொழில்முறை இதழ்களில் கருப்பொருள் வேறு வகையில் பயன்பட்டது. டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் 'டிராகன்' இதழ் பல ஆண்டுகள் சூன் மாத இதழைப் பறவைநாகங்களுக்கும், அக்டோபர் இதழைத் திகிலுக்கும் ஒதுக்கியது. அங்கு கருப்பொருள் என்பது ஒரு வடிகட்டி. எந்தக் கட்டுரை உள்ளே வரும், எது அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும் என்பதை அது முடிவு செய்யும். அச்சுக் கழகத்தில் வடிகட்ட வேண்டிய தேவை இல்லை; தேவைப்பட்டது ஒரு தொடக்கம். மாதந்தோறும் வெற்றுத் தாளின் முன் அமர்பவருக்கு எழுத ஏதேனும் ஒன்று கிடைக்க வேண்டும். அத்துடன் வெவ்வேறு விளையாட்டுகளை ஆடுவோர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளப் பொதுவான ஒரு பொருளும் வேண்டும். வாள் உலகில் ஆடுபவரும் விண்வெளிக் கதை ஆடுபவரும் மற்றவரது விதிகளை அறியாமல் இருக்கலாம். ஆனால் பாத்திரம் இறந்தால் என்ன செய்வது, ஆட்டத்திற்கு வராதவரின் பாத்திரத்தை யார் நடத்துவது போன்ற பொருள்களில் இருவருக்கும் அனுபவம் இருக்கும்.

அஞ்சல் முறையின் மெதுவான வேகமும் இதற்கு உதவியது. ஒரு கருப்பொருள் பற்றிய கட்டுரைகள் ஒரு மாதம் வெளிவரும். அவற்றுக்கான மறுமொழிகள் அடுத்த மாதமும், மறுமொழிகளுக்கான மறுமொழிகள் அதற்கடுத்த மாதமும் வரும். ஆக ஒரு கருப்பொருளின் ஆயுள் குறைந்தது மூன்று மாதங்கள். சினத்தில் எழுதத் தொடங்கியவருக்கும், தாளைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் சில நாட்கள் யோசிக்கக் கிடைத்தன. வாதங்கள் கடுமையாக இருந்ததுண்டு. எனினும் அவை முழு வாக்கியங்களில், எதிராளியின் கருத்தை முதலில் எடுத்துக் கூறிய பின்னரே நடந்தன. ஒரு மாதத்திற்கு முன் எழுதியதை எதிராளி மறந்திருக்கக் கூடும் என்பதால் அவ்வாறு எடுத்துக் கூறுவது தேவையாகவும் இருந்தது.

டி.எஸ்.ஆர். நிறுவனத்துடன் உறவு

விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கும் அதனை மாற்றி எழுதும் இரசிகர்களுக்கும் இடையிலான உறவு இவ்விதழின் வரலாற்றில் முக்கியமானது. 1975 இல் வெளிவந்த இரண்டாம் இதழிலேயே கேரி கைகாக்சின் மடல் ஒன்று இடம்பெற்றது. ஆளுக்கு ஆள் வேறுபட்ட முறையில் ஆடுவதை அவர் அதில் வரவேற்றார். எல்லோரும் ஒரே முறையில்தான் ஆட வேண்டும் என்று ஒத்துக்கொள்ளும் நாளில் இவ்விளையாட்டு சுவையற்றுப் போகும் என்பது அவரது அன்றைய கருத்து.

மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1978 சூலையில் வெளியான டிராகன் 16 ஆம் இதழில் எழுதிய கட்டுரையில் கைகாக்ஸ் விளையாட்டு அச்சுக் கழகங்களைக் கடுமையாகச் சாடினார். அவை எழுதுவோரின் தற்பெருமைக்கான அச்சு என்றும், மதிக்கத் தக்கவை அல்ல என்றும் அவர் கருதினார். மந்திரங்களுக்குப் புள்ளிக் கணக்கு வைத்தல் போன்ற இரசிகர்களின் மாற்று விதிகளும் அக்கட்டுரையில் கண்டனத்துக்கு உள்ளாயின.

இம்மாற்றத்தைத் தனிமனிதரின் மனநிலையால் மட்டும் விளக்க முடியாது. 1977 முதல் 1979 வரை டி.எஸ்.ஆர். நிறுவனம் 'அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விரிவான விதிநூல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டு வந்தது. போட்டிகள் நடத்தவும், நூல்களை விற்கவும் ஒரே சீரான விதிகள் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டன. இதற்கிடையே இரசிகர் இதழ்களில் எழுதியவர்களுள் சிலர் போட்டி வெளியீடுகளில் இறங்கியிருந்தனர். டேவ் ஹார்கிரேவ் 1977 இல் தாமே வெளியிட்ட 'ஆர்டுயின் கிரிமோயர்' இதற்கு எடுத்துக்காட்டு. நிறுவனத்தின் கவலைக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். எனினும், விடையளிக்கப்படாத கேள்விகளுடன் விளையாட்டை விற்றுவிட்டு, விடை தேடியவர்களைக் குறை கூறியது நியாயமாகத் தோன்றவில்லை. இதழ் இக்கண்டனத்தால் நின்றுவிடவில்லை. வேறு நிறுவனங்களின் விளையாட்டுகளும் பெருகியிருந்ததால், அது எந்த ஒரு நிறுவனத்தையும் சார்ந்திராத இடமாக வளர்ந்தது. எழுதியவற்றின் பதிப்புரிமை எழுதியவர்களிடமே இருந்தது.

தாக்கம்

இதழில் எழுதிய பலர் பின்னர் தொழில்முறை வடிவமைப்பாளர்களாயினர். 1976 இல் 'பெரின் கன்வென்ஷன்ஸ்' என்னும் சண்டை விதிகளை உருவாக்கிய ஸ்டீவ் பெரின், 1978 இல் வெளியான 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டின் முதன்மை வடிவமைப்பாளர் ஆனார். 'ஆர்ஸ் மேஜிக்கா' (1987) விளையாட்டை உருவாக்கிய ஜொனதன் ட்வீட், மார்க் ரைன்-ஹாகன் ஆகிய இருவரும் இதில் எழுதியுள்ளனர். ட்வீட்டுக்கும் ராபின் லாசுக்கும் இவ்விதழ் வழியே ஏற்பட்ட அறிமுகம் 'ஓவர் த எட்ஜ்' (1992) விளையாட்டில் அவர்கள் சேர்ந்து பணியாற்ற வழிவகுத்தது. கிரெக் கோஸ்டிக்யான், அறிபுனை எழுத்தாளர் ஜான் எம். ஃபோர்ட் ஆகியோரும் பங்களிப்பாளர்களே.

இதனைப் பின்பற்றி வேறு அச்சுக் கழகங்களும் தோன்றின. பாஸ்டன் நகரில் மார்க் சுவான்சன், கிளென் பிளேகோ ஆகியோர் 1976 இல் 'த வைல்ட் ஹண்ட்' இதழைத் தொடங்கினர். ஆட்டக்காரர்களைப் போர் விரும்பிகள், ஆற்றல் விரும்பிகள், பாத்திர விரும்பிகள், கதை விரும்பிகள் என நான்கு வகையாகப் பிரிக்கும் பிளேகோவின் கட்டுரை 1980 இல் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' இதழில் வெளியாகிப் பரவலாகப் படிக்கப்பட்டது. பாத்திரமேற்பு விளையாட்டு என்றால் என்ன, அது ஆட்டமா கதையா என்னும் கோட்பாட்டு விவாதங்கள் பல்கலைக்கழகங்களில் தோன்றுவதற்கு முன்பே இத்தகைய பக்கங்களில் நடந்துவிட்டன. வரலாற்றாய்வாளர் ஜான் பீட்டர்சன் தமது 'பிளேயிங் அட் த வேர்ல்ட்' (2012), 'த எலூசிவ் ஷிப்ட்' (2020) ஆகிய நூல்களில் இவ்விதழ்களை முதன்மைச் சான்றுகளாகப் பயன்படுத்தியுள்ளார்.

இதழ் 1984, 1999, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் தொழில்முறை சாரா இதழுக்கான ஆரிஜின்ஸ் விருதைப் பெற்றது.

பிற்கால இரசிகர் இதழ்கள்

இணையம் பரவிய பின் இரசிகர் இதழ்கள் வேறு வடிவம் பெற்றன. பைசோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டுக்கென இரசிகர்கள் 2009 இல் தொடங்கிய 'வேஃபைண்டர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது மின்வடிவில் இலவசமாக வெளியிடப்பட்டது. இதழ்தோறும் விளையாட்டின் கற்பனை உலகிலிருந்து ஓர் இனமோ நிலப்பகுதியோ கருப்பொருளாக அறிவிக்கப்பட்டு, அதற்கேற்ற குறுங்கட்டுரைகள் கோரப்பட்டன. இங்கு கருப்பொருள் புறக்கணிக்கத்தக்கது அன்று. கட்டுரைகள் தேர்வு செய்யப்பட்டன, திருத்தப்பட்டன, ஓவியங்களுடன் தொழில்முறை இதழுக்கு நிகரான தோற்றத்தில் வந்தன. புதிய எழுத்தாளர் ஒருவர் சொல் வரம்பு, கெடு, ஆசிரியரின் திருத்தம் ஆகியவற்றுக்குப் பழக இது நல்ல பயிற்சிக் களமாக இருந்தது.

ஆனால் ஒரு நிறுவனத்தின் உலகை எடுத்தாளும் இதழ் அந்நிறுவனத்தின் அனுமதியைச் சார்ந்தே நிற்க முடியும். வணிக நோக்கற்ற பயன்பாட்டுக்கு அனுமதி அளித்த பைசோவின் சமூகப் பயன்பாட்டுக் கொள்கையே வேஃபைண்டருக்கு அடிப்படையாக இருந்தது. 2024 சூலையில் அந்நிறுவனம் அக்கொள்கைக்குப் பதிலாகப் புதிய இரசிகர் படைப்புக் கொள்கை ஒன்றை அறிவித்தபோது இரசிகர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. இதற்கு முன் 2023 சனவரியில், 2000 முதல் வழக்கில் இருந்த திறந்த விளையாட்டு உரிமத்தை மாற்ற விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் முயன்றதும் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அம்மாதமே நிறுவனம் பின்வாங்கி, தன் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

காகித இதழ்களும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கிக்ஸ்டார்ட்டர் தளம் 2019 பெப்ரவரியில் தொடங்கிய 'சைன் குவெஸ்ட்' முயற்சி, ஒரே மையில் அச்சிட்ட சிறு விளையாட்டு இதழ்களுக்கு மீண்டும் வாசகர்களைத் தேடித் தந்தது.

நிறைவு

அச்சுக் கழகம் ஒன்று அதன் தொகுப்பாளரின் உழைப்பால் நிற்பது. எழுதுவோர் எத்தனை பேர் இருந்தாலும், பக்கங்களை வாங்கி, அடுக்கி, கணக்கு வைத்து, அஞ்சல் செய்பவர் ஒருவரே. பல கழகங்கள் தொகுப்பாளர் சோர்ந்ததும் நின்று போயின. லீ கோல்ட் இப்பணியைச் சுமார் ஐம்பது ஆண்டுகள் செய்து, 590 க்கும் மேற்பட்ட இதழ்களை வெளியிட்ட பின், 2025 இல் ஓய்வு பெற்றார். அத்துடன் அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் நின்றது. அதன் பங்களிப்பாளர்கள் அதே ஆண்டில் 'எவர் அண்ட் அனான்' என்னும் பெயரில் புதிய தொகுப்பு ஒன்றைத் தொடங்கினர்.